பழைய கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி: முதல்முறை நிறுவுபவருக்கு

என்னிடம் ஒரு ஃபிலிம் ஸ்கேனர் இருக்கிறது. நெகட்டிவ் சுருளைக் கொடுத்தால் அருமையாகப் படம் எடுத்துத் தரும். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை, மோட்டாரும் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் அதைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது. பிறகு வந்த எந்த விண்டோஸிலும் அதை இயக்க முடியவில்லை. அப்பா எடுத்த படங்கள் எல்லாம் அந்தச் சுருள்களில்தான் இருக்கின்றன. அதனால் பரணில் கிடந்த பழைய கணினியை இறக்கித் தூசி தட்டி, அதில் எக்ஸ்பியை ஏற்றினேன்.

உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய கோப்புகள், புது விண்டோஸில் திறக்க மறுக்கும் கணக்கு மென்பொருள், பேரலல் போர்ட்டில் மட்டும் பேசும் பட்டறை இயந்திரம், சின்ன வயதில் ஆடிய விளையாட்டு என்று எதுவாகவும் இருக்கலாம். செய்ய வேண்டிய வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். இதுவரை ஒரு கணினியிலும் விண்டோஸ் ஏற்றிப் பழகாதவரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் பாதிக்கு மேற்பட்ட வேலை சிடியை உள்ளே போடுவதற்கு முன்பே நடக்க வேண்டியது. அதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் நடுவழியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் கணினிக்கு எக்ஸ்பி பொருந்துமா?

எக்ஸ்பி விற்பனைக்கு வந்தது 2001 அக்டோபர் 25. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8. இடையில் மூன்று சர்வீஸ் பேக்குகள், அதாவது திருத்தங்களின் பெரிய தொகுப்புகள், வந்தன. மூன்றாவதும் கடைசியுமானது 2008இல் வந்த எஸ்பி3. இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் 32 பிட் எக்ஸ்பி எஸ்பி3ஐ மனதில் வைத்துத்தான்.

காகிதத்தில் பார்த்தால் எக்ஸ்பிக்கு 233 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 64 எம்பி ரேம், 1.5 ஜிபி இடம் போதும். நடைமுறையில் 64 எம்பியில் எஸ்பி3 ஊர்ந்துதான் போகும். 512 எம்பி இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம், 1 ஜிபி இருந்தால் சொகுசு. 4 ஜிபிக்கு மேல் ரேம் போடுவதில் பயனில்லை. 32 பிட் எக்ஸ்பி அதைப் பயன்படுத்தாது, 4 ஜிபி போட்டாலும் பெரும்பாலும் 3 ஜிபிக்குச் சற்று மேல்தான் காட்டும்.

2001 முதல் 2008 வரை வந்த கணினி என்றால் பெரிய தொல்லை இருக்காது. அதற்கும் முந்தைய கணினிக்கு விண்டோஸ் 98 பொருத்தமாக இருக்கலாம். ஆனால் அதன் சங்கதிகள் வேறு. உதாரணமாக, 512 எம்பிக்கு மேல் ரேம் இருந்தால் 98 தடுமாறும். மறுபக்கம், கணினியைக் கிளப்பிவிடும் பழைய பயாஸ் முறையே இல்லாமல், அதன் இடத்தில் வந்த யுஇஎஃப்ஐ மட்டும் உள்ள புதிய கணினியில் எக்ஸ்பி கிளம்பவே கிளம்பாது.

இணையம் பார்க்கத்தான் பழைய கணினி வேண்டும் என்றால் தயவுசெய்து எக்ஸ்பி பக்கம் போகாதீர்கள். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் பாருங்கள். எக்ஸ்பி என்பது அது இல்லாமல் ஓடாத ஒரு வேலைக்காக மட்டும்.

மூடியைக் கழற்றிப் பாருங்கள்

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் ரேமையும் மதர்போர்டையும் பழுதாக்கக்கூடியது.

தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். காற்றடித்தால் விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். இறக்கை தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெட்டுப்போகும்.

அடுத்து மதர்போர்டில் நிற்கும் குட்டி உருளைகளான கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, ஒவ்வொன்றின் தலையையும் பார்க்க வேண்டும். நல்லதன் தலை காசு போலத் தட்டையாக இருக்கும். கெட்டதன் தலை உப்பியிருக்கும், சிலவற்றில் பழுப்பு நிறத்தில் எதுவோ கசிந்து காய்ந்திருக்கும். பிராசஸரைச் சுற்றி நிற்பவைதான் பெரும்பாலும் முதலில் போகும். 2000களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் இது பரவலான நோய். உப்பிய கெப்பாசிட்டரோடு கணினி கிளம்பக்கூடும். ஆனால் நிறுவலின் நடுவில் காரணமே இல்லாமல் நிற்கும், நீங்கள் சிடியைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். சால்டரிங் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றிய பிறகு தொடருங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். மின் இணைப்பை எடுத்த பின்னும் அதற்குள் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

ரேமைக் கழற்றுங்கள். அதன் அடியில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் தொடுமுனைகள் மங்கிப் போயிருக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்துத் துகளைத் துடைத்துவிட்டு, 'க்ளிக்' என்று இரண்டு பக்கக் கொக்கிகளும் விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். கிளம்பாமல் பீப் பீப் என்று கத்தும் கணினிகளில் பல இந்த ஒரு வேலையிலேயே எழுந்துவிடும்.

போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை மாற்றிவிடுங்கள். பெரும்பாலான டெஸ்க்டாப்புகளில் அது சிஆர் 2032, 3 வோல்ட். அது செத்திருந்தால் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் தேதியும் பயாஸ் அமைப்பும் அழிந்துபோகும்.

அகலப் பட்டைக் கேபிளில் இணையும் பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க் என்றால் பின்பக்கம் ஒரு குட்டி ஜம்பர் இருக்கும். ஒரே கேபிளில் ஹார்ட் டிஸ்கும் சிடி டிரைவும் இருந்தால் ஒன்று மாஸ்டராகவும் மற்றது ஸ்லேவாகவும் இருக்க வேண்டும். இரண்டும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே காணாமல் போகலாம். எந்த நிலை எதற்கு என்று டிஸ்கின் லேபிளிலேயே படம் போட்டிருப்பார்கள்.

மூடும் முன் ஒருமுறை ஓடவிட்டுக் காதைக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒரே சீராக 'டக்... டக்... டக்' என்று சத்தம் வந்தால் அது சாகும் நிலையில் இருக்கிறது. அதில் எதையும் ஏற்ற வேண்டாம். ரேமுக்கு மெம்டெஸ்ட்86+ என்ற இலவசச் சோதனைக் கருவி உண்டு. சிடியிலிருந்து நேரடியாகக் கிளம்பும். குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது ஓடட்டும். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் ஆகாது.

பழைய கோப்புகள்

ஹார்ட் டிஸ்கில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். 'இதில் ஒன்றும் இருக்காது' என்று நினைத்து நான் ஒருமுறை ஒரு டிஸ்கை ஃபார்மட் செய்தேன். அதில் அண்ணனின் கல்யாணப் படங்கள் இருந்தன. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஐடிஇ, அதற்குப் பின் வந்த சாட்டா ஆகிய இரண்டு வகை டிஸ்கையும் யுஎஸ்பியாக மாற்றித் தரும் அடாப்டர் கிடைக்கிறது. டிஸ்கைக் கழற்றி அதன் மூலம் வேறொரு கணினியில் இணைத்து, முழுவதையும் பிரதி எடுங்கள். முந்தைய எக்ஸ்பி என்றால் பயனர்களின் கோப்புகள் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். அதோடு சி டிரைவைத் திறந்ததும் தெரியும் முதல் இடத்திலும் ஒரு பார்வை பாருங்கள். அந்தக் காலத்தில் பலர் கோப்புகளை நேரே அங்கேதான் போட்டார்கள். 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் விட்டுவிடாதீர்கள். பழைய தமிழ்க் கோப்புகளை எழுதிய எழுத்துருவே தொலைந்துபோனால் கோப்பு இருந்தும் படிக்க முடியாது.

கையில் இருக்க வேண்டியவை

சிடி, பிராடக்ட் கீ, டிரைவர்கள். இந்த மூன்றும் மேசைக்கு வந்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

ஆதரவு நின்றுவிட்டதால் எக்ஸ்பி இலவசமாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, இன்னும் உரிமம் வேண்டும். உங்கள் கணினியின் கேபினெட்டிலேயே 25 எழுத்துகள் கொண்ட கீ ஒட்டப்பட்டிருக்கலாம். லேப்டாப் என்றால் அடிப்பக்கம் பாருங்கள். மங்கிப் போயிருந்தால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். ஒரு துப்பு: இந்தக் கீயில் பூஜ்யமும் வராது, 'ஓ'வும் வராது, 1, 5 ஆகியவையும் வராது. 8ஐயும் 'பி'யையும் கவனமாகப் பிரித்துப் படிக்க வேண்டும். இன்னொன்று, கீயும் சிடியும் ஒரே இனமாக இருக்க வேண்டும். கணினியோடு வந்த ஓஇஎம் கீ, கடையில் தனியாக விற்ற சிடியோடு சேராது. எக்ஸ்பி ஹோம் பதிப்பின் கீயைப் புரொஃபஷனல் பதிப்பு ஏற்காது. 'கீ தவறு' என்று வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான், தட்டச்சுப் பிழை அல்ல. கணினியோடு வந்த ரெக்கவரி சிடி பத்திரமாக இருந்தால் முதலில் அதையே முயலுங்கள். முகம் தெரியாதவர்கள் 'திருத்தி' இணையத்தில் ஏற்றிவைத்த எக்ஸ்பியைத் தொடாதீர்கள். அதற்குள் என்ன திணித்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் சிடியில் எந்த சர்வீஸ் பேக் இருக்கிறது என்று லேபிளில் பாருங்கள். எதுவும் போடாத 2001ஆம் வருட சிடி என்றால் இரண்டு சிக்கல்கள்: 137 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கை அது முழுதாகக் காணாது, யுஎஸ்பி 2.0வும் தெரியாது. இரண்டும் எஸ்பி1இல்தான் வந்தன. என்லைட் என்ற இலவசக் கருவியை வேறொரு கணினியில் வைத்துக்கொண்டு எஸ்பி3ஐ சிடியோடு கலந்து புதிய சிடி எழுதிக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவரையும் அப்படியே சேர்க்கலாம். எழுதும்போது, முழு சிடியையும் ஒன்றாக அடக்கிய ஐஎஸ்ஓ கோப்பை 'இமேஜ்' ஆக எழுத வேண்டும். கோப்பாகவே சிடியில் போட்டால் கிளம்பாது. வேகத்தைக் குறைத்து எழுதுங்கள். பழைய சிடி டிரைவின் கண் மங்கியிருக்கும், அவசரத்தில் எழுதிய சிடியைப் படிக்கத் திணறும்.

பென் டிரைவிலிருந்து நிறுவ முடியாதா என்று கேட்பீர்கள். வின்செட்டப்ஃப்ரம்யுஎஸ்பி போன்ற கருவிகளால் முடியும். ஆனால் எக்ஸ்பி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சிடி டிரைவ் ஓடுகிறதென்றால் அதுதான் சுளுவான வழி.

டிரைவர்கள் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். எக்ஸ்பி ஏறிய பிறகு திரை 640க்கு 480இல் பூதாகரமாக நிற்கும், ஒலி வராது, நெட்வொர்க் கார்டு தெரியாது. டிரைவரை நெட்டிலிருந்து இறக்கலாம் என்றால், நெட்டுக்கே டிரைவர் இல்லை! ஆகவே வேறொரு கணினியில் முன்கூட்டியே இறக்கிவையுங்கள். மதர்போர்டில் ஸ்லாட்டுகளுக்கு நடுவே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். சிப்செட் (மதர்போர்டின் மையச் சில்லுகள்), கிராஃபிக்ஸ், ஒலி, லேன் (நெட்வொர்க்) ஆகிய நான்கும் வேண்டும். அவற்றோடு எஸ்பி3இன் முழுக் கோப்பையும், உங்களுக்குத் தேவையான மென்பொருளையும் சேர்த்து ஒரு சிடியிலோ பென் டிரைவிலோ போடுங்கள். பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்பிக்கு எக்ஸ்ஃபேட் தானாகத் தெரியாது.

பயாஸில் மூன்று மாற்றங்கள்

கணினியைப் போட்டவுடன் டெலிட் விசையை விடாமல் தட்டுங்கள். சிலவற்றில் எஃப்2, சிலவற்றில் எஃப்10. முதல் திரையின் அடியில் ஓரமாக எழுதியிருக்கும். நீல நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ ஒரு பக்கம் திறக்கும்.

முதலில் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். அடுத்து பூட் வரிசையில் சிடி டிரைவை முதலாவதாகவும் ஹார்ட் டிஸ்கை இரண்டாவதாகவும் வையுங்கள்.

மூன்றாவது மாற்றம், சாட்டா டிஸ்க் உள்ளவர்களுக்கு மட்டும். சாட்டா டிஸ்கோடு பேசும் புதிய முறையான ஏஹெச்சிஐக்கு எக்ஸ்பி சிடியில் டிரைவர் கிடையாது. பயாஸில் சாட்டா மோட் என்ற இடத்தில் ஏஹெச்சிஐ என்று இருந்தால் அதை ஐடிஇ என மாற்றுங்கள். சில பயாஸில் இதற்கு கம்பாட்டிபிள் அல்லது லெகஸி என்று பெயர். மாற்றாமல் விட்டால் 'ஹார்ட் டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை' என்று நிறுவல் நிற்கும், அல்லது 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வரும். எத்தனையோ பேர் இந்த நீலத்திரையைப் பார்த்துவிட்டு டிஸ்க் போய்விட்டது என்று தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

யுஎஸ்பி கீபோர்டு வைத்திருந்தால் 'யுஎஸ்பி கீபோர்டு சப்போர்ட்' அல்லது 'லெகஸி யுஎஸ்பி' என்பதை இயக்குங்கள். ஊதா நிற உருண்டைத் துளையில் செருகும் பிஎஸ்/2 கீபோர்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் கணினி அணைந்திருக்கும்போது மட்டும் செருகுங்கள். எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியேறுங்கள்.

நீல நிறத்தில் நிறுவல்

சிடியை உள்ளே போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கறுப்புத் திரையில் 'பிரஸ் எனி கீ டு பூட் ஃப்ரம் சிடி' என்று ஒரு வரி வரும். சில விநாடிகள்தான் நிற்கும், அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டுங்கள்.

திரை நீலமாகும். அடியில் எஃப்6 பற்றி ஒரு வரி ஓடும். கன்ட்ரோலர் டிரைவரை ஃபிளாப்பியிலிருந்து கொடுப்பவர்களுக்கானது அது. பயாஸை ஐடிஇ ஆக்கிவிட்ட நமக்கு வேண்டாம். நிறையக் கோப்புகளை ஏற்றிய பிறகு வரவேற்புப் பக்கம் வரும். என்டர் தட்டுங்கள். உரிம ஒப்பந்தம் வந்ததும் எஃப்8. வழியில் 'ஆர்' என்று ஒரு தேர்வு காட்டும். அது ரிப்பேருக்கானது, அதைத் தொட வேண்டாம்.

இப்போது வருவது பார்ட்டிஷன் பக்கம், அதாவது டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் இடம். இங்கே நிதானமாக இருங்கள். இதுவரை செய்தது எல்லாம் திரும்பப் பெறக்கூடியது, இங்கே செய்வது அப்படியல்ல. கணினியில் இரண்டு டிஸ்குகள் இருந்தால், வேண்டாத டிஸ்கின் கேபிளை முன்பே கழற்றி வைத்திருப்பதுதான் என் வழக்கம். கண் தவறினாலும் அது தப்பிக்கும்.

பழைய பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து 'டி' தட்டினால் அழியும். உண்மையிலேயே அழிக்கட்டுமா என்று கேட்டு 'எல்' தட்டச் சொல்லும். எல்லாம் போய் ஒரே வெற்றிடமாகத் தெரிந்ததும் 'சி' தட்டிப் புதிதாக உருவாக்குங்கள். அளவை எம்பியில் கேட்கும். விண்டோஸுக்கு 20,000 எம்பி கொடுத்துவிட்டு மீதியைக் கோப்புகளுக்கு என்று பிரிப்பது நல்லது. நாளைக்கு விண்டோஸை மறுபடி ஏற்ற நேர்ந்தாலும் கோப்புகள் தனியாகத் தப்பிக்கும். மீதியை இப்போது அப்படியே விடுங்கள், விண்டோஸ் ஏறிய பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்துக்கொள்ளலாம்.

புதிய பார்ட்டிஷனைத் தேர்ந்து என்டர் தட்டினால் ஃபார்மட் பற்றிக் கேட்கும். என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுங்கள். 'குயிக்' என்று ஒன்றும் குயிக் இல்லாமல் ஒன்றும் இருக்கும். பழைய டிஸ்குக்குக் குயிக் வேண்டாம். முழு ஃபார்மட் ஒவ்வொரு செக்டரையும் படித்துப் பார்த்துக் கெட்டதை ஒதுக்கி வைக்கும். மஞ்சள் பட்டை மெல்ல மெல்ல நகரும், நேரம் பிடிக்கும், பரவாயில்லை. பட்டை ஒரே சதவீதத்தில் வெகுநேரம் சிக்கி நின்று டிஸ்க் முனகினால், அந்த டிஸ்க் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று இப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம் கோப்புகளைப் பிரதி எடுக்கும். இந்தக் கட்டத்தில் 'இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை' என்று வந்தால் சந்தேக வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் சிடி, அடுத்து சிடி டிரைவின் லென்ஸ், அடுத்து ரேம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில் நின்றால் ரேம்தான் என்று ஏறக்குறைய முடிவே செய்யலாம்.

ரீஸ்டார்ட் ஆனதும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

பிரதி முடிந்ததும் 15 விநாடி எண்ணிக்கையோடு கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். மறுபடியும் அதே 'பிரஸ் எனி கீ' வரி வரும். இம்முறை எதையும் தட்டாதீர்கள். தட்டினால் நிறுவல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புதியவர்கள் 'திரும்பத் திரும்ப அதே இடத்துக்கே வருகிறது' என்று தவிப்பது இதனால்தான். சிடி உள்ளேயே இருக்கட்டும், கீபோர்டைத் தொடாமல் காத்திருங்கள்.

இனிமேல் மவுஸோடு கூடிய திரை. இடப்பக்கம் மீதி நேரம் 39 நிமிடம் என்று காட்டும். அந்தக் கணக்கைக் கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டாம். 34 நிமிடம் அருகே சாதனங்களைக் கண்டுபிடிக்கும் கட்டம் வரும். திரை இரண்டொரு முறை மினுக்கும், வெகுநேரம் உறைந்தது போலவும் நிற்கும். ஹார்ட் டிஸ்க் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் வேலை நடக்கிறது. அரைமணி நேரத்துக்கும் மேல் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை என்றால், கூடுதலாகச் செருகியிருக்கும் ஒலி, டிவி, மோடம் கார்டுகளைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

நடுவே சில கேள்விகள் வரும். பெயர், பிராடக்ட் கீ, கணினியின் பெயர், அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு, தேதி. நெட்வொர்க் அமைப்பு கேட்டால் 'டிபிக்கல்' போதும். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி கேபினெட்டின் உட்பக்கமே ஒட்டிவிடுங்கள். வருடத்துக்கு நான்கு முறை போடும் கணினியின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில் நிற்காது.

கடைசியாக ஒரு ரீஸ்டார்ட். பயனர் பெயர் கேட்கும், ஆக்டிவேஷன் (உரிமத்தை மைக்ரோசாஃப்டிடம் உறுதிசெய்வது) கேட்கும். ஆக்டிவேஷனுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. 'பிறகு நினைவூட்டு' என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். கணினியில் எல்லா வன்பொருளும் சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகே ஆக்டிவேட் செய்யுங்கள். பச்சைப் புல்வெளியும் நீல வானமும் திரையில் விரியும்போது மனதுக்குள் ஏதோ ஒன்று நெகிழும். எனக்கு ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

டிரைவர்கள்: வரிசை முக்கியம்

எஸ்பி3 ஏற்கெனவே சிடியில் இல்லையென்றால் அதை முதலில் போடுங்கள். சர்வீஸ் பேக் எதுவுமே இல்லாத எக்ஸ்பியில் எஸ்பி3 நேரடியாக ஏறாது. முதலில் எஸ்பி1 அல்லது எஸ்பி2 வேண்டும்.

அடுத்து சிப்செட், ரீஸ்டார்ட். கிராஃபிக்ஸ், ரீஸ்டார்ட். பிறகு ஒலி, கடைசியில் லேன். சிப்செட்டை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம், மற்ற சாதனங்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் விண்டோஸோடு பேசுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ரீஸ்டார்ட் செய்வது சலிப்பாக இருக்கும், செய்யுங்கள். எந்த டிரைவர் தகராறு செய்கிறது என்று கண்டுபிடிக்க அதுதான் வழி.

பிறகு 'மை கம்ப்யூட்டர்' மீது வலது க்ளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், ஹார்ட்வேர், டிவைஸ் மேனேஜர் என்று போங்கள். மஞ்சள் கேள்விக்குறி எதிலாவது இருக்கிறதா? அந்தச் சாதனத்தை இரட்டை க்ளிக் செய்து, 'டீடெயில்ஸ்' பக்கத்தில் ஒரு நீண்ட வரியைப் பாருங்கள். அதில் 'வென்' என்பதற்குப் பின் வரும் நான்கு எழுத்துகள் தயாரிப்பாளரின் எண், 'டெவ்' என்பதற்குப் பின் வருவது சாதனத்தின் எண். 8086 என்றிருந்தால் இன்டெல். தங்கள் புகழ்பெற்ற பிராசஸரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். 1002 என்றால் ஏடிஐ. இந்த இரண்டு எண்களையும் அப்படியே இணையத்தில் தேடினால் பெயரே தெரியாத கார்டும் யாரென்று சொல்லிவிடும். கண்ட டிரைவரை எல்லாம் போட்டுப் பார்ப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

தமிழ் தெரிய வைப்பது

புதிதாக ஏற்றிய எக்ஸ்பியில் யூனிகோடு தமிழைத் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கலாம், வெறும் கட்டங்களாகவும் தெரியலாம். கணினி பழுதில்லை. கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, லாங்குவேஜஸ் பக்கத்தில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' பற்றிய கட்டத்தில் டிக் போடுங்கள். சிடியைக் கேட்கும், கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் லதா எழுத்துருவில் தமிழ் ஒழுங்காக நிற்கும்.

அதே பக்கத்தில் டீடெயில்ஸ் சென்று தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கலாம். ஆனால் அது இன்ஸ்கிரிப்ட் என்ற விசை வரிசை முறை. தமிழ்99 பழகிய விரல்களுக்கு இ-கலப்பை போன்ற தனி மென்பொருள் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை, ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டாலே போதும். அந்தக் காலக் கோப்புகளை இங்கே திறந்து, யூனிகோடுக்கு மாற்றி, புதிய கணினிக்குக் கொண்டுபோய்விடுங்கள். எக்ஸ்பியை நம்பி அவற்றை இன்னும் எத்தனை காலம் வைத்திருப்பது?

நெட் கேபிளைச் செருகாதீர்கள்

இதை அழுத்திச் சொல்கிறேன். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு பரவியபோது, திருத்தம் போடாத எக்ஸ்பியை நெட்டில் இணைத்தால் போதும், எதையும் திறக்காமலேயே தொற்றியது. 60 விநாடி எண்ணிக்கையோடு கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனது. 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியபோது, ஆதரவு முடிந்து மூன்று வருடம் ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டது. நிலைமை அவ்வளவு மோசமாக இருந்தது. அதற்குப் பிறகு கண்டுபிடித்த ஓட்டைகளில் பெரும்பாலானவை எக்ஸ்பியில் இன்னும் திறந்தே கிடக்கின்றன.

நெட்டில் போனாலும் பெரிய பயன் இல்லை. எக்ஸ்பிக்குக் கிடைத்த கடைசி இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8. இன்றைய தளங்கள் கேட்கும் பாதுகாப்பு முறை அதற்குத் தெரியாது, பக்கமே திறக்காது. வங்கி, மின்னஞ்சல் எதையும் இதில் தொடவே கூடாது. வீட்டு நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரலாம் என்றால், எக்ஸ்பி பேசும் பழைய எஸ்எம்பி1 முறையைப் புதிய விண்டோஸ் முடக்கி வைத்திருக்கும். அதைத் திறந்துவிடாதீர்கள். வான்னாக்ரை நுழைந்த வாசலே அதுதான்.

பென் டிரைவில் கொண்டுவாருங்கள், கொண்டுபோங்கள். அதற்கென்று ஒரு பென் டிரைவை ஒதுக்கிவையுங்கள். 2008இல் கிளம்பிய கான்ஃபிக்கர் பென் டிரைவ் வழியாகவும் பரவியது. ஆகவே செருகும்போது ஷிஃப்ட் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் அதில் உள்ளது தானாக ஓடாது. புதிய கணினிக்குக் கொண்டுபோனதும் அங்கே ஒருமுறை வைரஸ் ஸ்கேன் செய்துவிட்டுத் திறங்கள்.

முடிந்ததும் ஒரு பிம்பம்

டிரைவர்கள் ஏறி, தமிழ் தெரிந்து, உங்களுக்கு வேண்டிய மென்பொருளும் ஓடிவிட்டதா? அன்றைக்கே, டிஸ்கை நகலெடுக்கும் குளோன்ஸில்லா என்ற கருவியின் சிடியைப் போட்டுக் கிளப்பி, விண்டோஸ் இருக்கும் டிஸ்கை முழுதாக ஒரு இமேஜாக வெளி டிஸ்கில் எடுத்துவையுங்கள். பழைய பிராசஸருக்கு 32 பிட் பதிப்பு வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. நின்றால் அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன வேறொரு டிஸ்கை மாட்டி, இமேஜைத் திரும்ப ஏற்றினால் கணினி இன்றிருந்தபடியே எழுந்து நிற்கும்.

பயாஸ் அமைப்புத் திரைகளையும் கைபேசியில் படம் எடுத்து, சிடி, கீ, டிரைவர் பென் டிரைவ் எல்லாவற்றோடும் ஒரே உறையில் போட்டுக் கணினியின் மேலேயே வையுங்கள். என் ஸ்கேனர் பக்கத்தில் அப்படி ஒரு பழுப்பு உறை இருக்கிறது. போன மாதம் டிஸ்க் நின்றபோது அதைத் திறந்தேன். மதியத்துக்குள் அடுத்த சுருள் ஸ்கேனரில் ஓடிக்கொண்டிருந்தது.